கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவள்

ஜுரேமா பந்தைப் பார்த்துவிட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

மேசையில் உட்கார்ந்து நேரம் காப்பவர் பந்தைப் பார்க்கக் கூடாது. ஆடுகளத்தில் யார் விழுந்தாலும் யார் எழுந்தாலும் கண் கடிகாரப் பலகையின் மேல்தான் இருக்க வேண்டும். பலகையில் பூஜ்யம் விழுந்ததும் கையிலிருக்கும் ஹாரனை அமுக்க வேண்டும். மூன்று வருடமாக ஜுரேமா இதைப் பிசகில்லாமல் செய்துகொண்டிருந்தாள். தொண்ணூற்றாறாம் வருடம் ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிறு, கடற்கரை அணிகளுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம். கடைசி விநாடியில், கோபகபானா மணலில் இரும்புக் குழாய்களால் எழுப்பியிருந்த படிக்கட்டுகளில் மூவாயிரம் பேர் ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள். அவள் கண் தானாகத் திரும்பிவிட்டது. இன்றைக்கு அதைச் சொல்லும்போது அவளே சிரிக்கிறாள். அன்றைக்கு ஆரம்பித்த மூன்று நாளில் அவளுக்குச் சிரிப்பு என்பது மறந்தே போயிருந்தது.

ஜுரேமா குடியிருக்கும் லேமிப் பக்கத்து அணி நாலு கோல், இபனேமா அணி ஐந்து. லேமி கோல்கீப்பர் பந்தைக் கையால் நீளமாக எறிந்தான். எதிர் கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற அடில்சன் அதை நெஞ்சில் வாங்கினான். நெஞ்சில் பட்ட பந்து மேலே எழும்ப, கூடவே அவனும் எழும்பி, தலை கீழேயும் கால் மேலேயுமாக அந்தரத்தில் மல்லாந்து, ஒரு சைக்கிள் உதை விட்டான். ஜுரேமாவின் கட்டைவிரல் அமுக்கியது. ஹாரன் அலறியது. அதற்குப் பிறகுதான் பந்து வலைக்குள் விழுந்தது.

நடுவர் மேசைக்கு ஓடிவந்து கேட்டார்.

"ஹாரன் முன்னாடியா, கோல் முன்னாடியா?"

"ஹாரன் முன்னாடி," என்றாள் ஜுரேமா.

அதில் பொய் இல்லை, எல்லார் காதும் கேட்டதுதான். கோல் செல்லாது என்று நடுவர் கைகாட்டினார். இபனேமாக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடினார்கள். லேமி ஆட்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டு, பலகையில் ஒரு விநாடி மிச்சமிருந்தது, அதற்குள் ஹாரனை அடித்துவிட்டாய் என்று கத்தினார்கள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தபோது பலகையில் பூஜ்யம் இருந்தது. ஆனால் ஹாரன் அடித்த அந்தக் கணத்தில் அதில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. எல்லாரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜுரேமாவும்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வடக்கே பரைபாவின் வறண்ட காட்டுப்பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வீட்டு வேலைக்கு ரியோவுக்கு வந்தவள் ஜுரேமா. கடற்கரைச் சாலையில் ஏழாவது மாடியில் எல்லாரும் மரியாதையாகத் தோனா, அதாவது அம்மா, என்று அழைக்கும் எஸ்தெர் வீட்டில் சமையல், துணி, பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஞாயிறு மதியத்துக்கு மேல் மட்டும் விடுப்பு. கோபகபானாவின் ஒரு கோடியான லேமி கடற்கரை ஒரு பாறைமலையில் போய் முட்டி முடிகிறது. அந்த மூலையில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, குளிக்க வந்த கூட்டம் கலைந்ததும், சமையல்காரிகளும் ஆயாக்களும் துணி தேய்க்கிறவர்களும் சேர்ந்து பந்தாடுவார்கள். பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று சட்டமே இருந்த காலம் அது. காவலர் வந்தால் விசிலடிக்க ஒருத்தி எப்போதும் சாலை ஓரத்தில் நிற்பாள். பந்து ஒரு கட்டடத்துக் காவலாளி கொடுத்த பழைய தோல் பந்து, தண்ணீர் குடித்தால் பூசணிக்காய் கனம் கனக்கும். ஜுரேமா கோல்கீப்பர். அவளுக்கு முன்னால் நின்று தடுக்கிறவள் கிளேவ்சா. இரண்டு பேரும் லேமிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் அடுத்தடுத்த அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

எழுபத்து மூன்றில் ஒரு ஞாயிறு, விசிலடிக்க வேண்டியவள் யாரோ ஒரு பையனோடு பேச்சில் இருந்துவிட்டாள். இரண்டு காவலர்கள் மணலுக்குள்ளேயே வந்து நின்ற பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள். பெண்கள் சிதறி ஓடினார்கள். பந்தை மார்போடு கட்டிக்கொண்டு கிளேவ்சா மட்டும் அசையாமல் நின்றாள். ஓடத் தோன்றாமல் பக்கத்தில் ஜுரேமா.

நீயும் ஆடினாயா என்று காவலர் கேட்டார்.

"இல்லீங்க. நான் சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றாள் ஜுரேமா. முழங்கால் வரைக்கும் மணல் அப்பியிருந்தது.

கிளேவ்சா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தோடு வண்டியில் ஏறினாள். ஓர் இரவு வைத்திருந்து காலையில் அனுப்பிவிட்டார்கள். அவள் வேலை பார்த்த வீட்டுக்குப் போனபோது, அவள் துணிமூட்டை கீழே காவலாளியிடம் இருந்தது. மேலே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பத்து மாதம் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர்கள் பக்கத்து வீடுதான். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். இவள் வீட்டில் காபித்தூள் தீர்ந்தால் அவள் வீட்டில் வாங்குவாள். கிளேவ்சாவுக்கு அடில்சன் பிறந்த அன்று வெந்நீர் வைத்ததே ஜுரேமாதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருபத்து மூன்று வருடத்தில் ஒரு வார்த்தை இருவரும் பேசிக்கொண்டதில்லை.

எழுபத்தொன்பதில் சட்டம் போனது. பெண்கள் பட்டப்பகலில் ஆடத் தொடங்கினார்கள். ஆண்களுக்கோ மணலில் வெகுகாலமாகவே லீக் இருந்தது. பதினோரு பேர் அணி, முழு நீள ஆடுகளம், கயிறு கட்டிய எல்லை, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சட்டை நிறம். அதை நடத்திக்கொண்டிருந்தவர் ஒஸ்மார், தபால் அலுவலகத்தில் தபால்தலை விற்கிறவர். ஒரு ஞாயிறு நடுவருக்கு வயிற்றுப்போக்கு. அங்கே நின்ற ஆண்கள் எல்லாரும் ஏதாவது ஒரு அணியின் மாமன் மச்சானாக இருந்தார்கள். ஒஸ்மார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோல் கம்பத்தில் சாய்ந்திருந்த ஜுரேமாவின் கையில் விசிலைக் கொடுத்தார். ஆண்கள் சிரித்தார்கள். ஒரு அணியின் கேப்டன் அவளைப் பார்த்து, அடுப்பில் பீன்ஸ் தீயுது, போய்ப் பாரும்மா என்றான். ஆறாவது நிமிடத்தில் ஜுரேமா அவனை வெளியே அனுப்பினாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. தீஞ்சிருந்தா எறக்கி வையி," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஞாயிறு தவறாமல் நடுவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிலர் தட்டச்சு செய்த தாள்களோடு வந்தார்கள். புது ஆட்டம் என்றார்கள். அணிக்கு ஐந்து பேர். ஆடுகளம் மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு நிமிடமாக மூன்று பகுதி. ஃப்ரீ கிக்குக்கு முன்னால் யாரும் அரணாக நிற்கக் கூடாது, யாரைத் தள்ளினார்களோ அவனேதான் உதைக்க வேண்டும். சமநிலையில் முடிப்பது என்பதே கிடையாது. லேமியின் பழைய ஆட்டக்காரர்கள் இது கால்பந்தா சர்க்கஸா என்று கேலி செய்தார்கள். தொலைக்காட்சிக்காரனுக்காக மணலைக் கத்தரித்து விற்கிறார்கள் என்றார் ஒருவர். ஜுரேமாவுக்கு என்னவோ பார்த்ததுமே பிடித்துப்போனது. மணலில் பந்து உருளாது. ஒரு சாணுக்கு ஒரு குழி. அதனால் தெரிந்தவன் பந்தைக் கால்விரலால் கிள்ளித் தூக்கி அந்தரத்திலேயே வைத்து ஆடுவான். பதினோரு பேர் ஆட்டத்தில் அது எப்போதாவது வரும். இந்தச் சின்ன ஆடுகளத்தில் எந்த இடத்திலிருந்தும் கோல் அடிக்கலாம் என்பதால் நிமிடத்துக்கு ஒரு தரம் யாராவது பறந்துகொண்டிருந்தார்கள்.

தொலைக்காட்சி வந்தது, படிக்கட்டுகள் வந்தன, மணல் சுடாமல் இருக்க நண்பகலில் குழாயால் தண்ணீர் அடிக்க ஆள் வந்தது. கூடவே கடிகாரமும் வந்தது. பழைய ஆட்டத்தில் நேரம் என்பது நடுவரின் மணிக்கட்டில் இருக்கும் சமாச்சாரம். அவர் மனசு வைத்தால் இன்னும் இரண்டு நிமிடம். புது ஆட்டத்தில் கோல் விழுந்தால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், ஃப்ரீ கிக்குக்கு நிறுத்த வேண்டும், மறுபடி ஓட விட வேண்டும். அதற்கென்று தனியாக ஒருவர் மேசையில் உட்கார வேண்டும். ஜுரேமாவின் முழங்கால்கள் அப்போது மணலில் ஓட மறுக்க ஆரம்பித்திருந்தன. ஒஸ்மார் அவளை மேசைக்கு அழைத்தார். வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள், பெயர் அட்டை கொடுத்தார்கள். முதல் நாள் அந்த அட்டையைக் கழற்றாமலேயே பேருந்தில் வீட்டுக்கு வந்தாள்.

இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் திங்கள்கிழமை காலை குன்றின் அடியில் இருக்கும் ரொட்டிக்கடையில் அவளுக்கு வழக்கம்போல வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியும் காபியும் வந்தன. ஆனால் கடைக்காரன் எப்போதும் சொல்லும் காலை வணக்கத்தைச் சொல்லவில்லை. குவளையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான். மேலே ஏறும் படிகளில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர்களில் ஒருவர், மற்றவரிடம் சொல்வதுபோல, "ஒரு விநாடியில ஒரு குன்றையே வித்துட்டாப்பா," என்றார். குழாயடியில் கிளேவ்சா குடம் நிரம்பும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

அடில்சன் கடற்கரையில் இளநீர்க் கடையில் வேலை பார்த்தான். வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்த உதையைப் பற்றிக் கேட்டான். ஹாரன் அடித்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு இளநீரை வெட்டப் போய்விடுவானாம். அவன் திட்டியிருந்தால்கூட ஜுரேமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளுக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் அடில்சன் அந்தரத்தில் கிடந்தான். கட்டைவிரல் எப்போது அமுக்கியது என்று நினைவுபடுத்திப் பார்ப்பாள். பூஜ்யத்தைப் பார்த்து அமுக்கியதா, கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு அமுக்கியதா, பயத்தில் அமுக்கியதா, எதுவும் பிடிபடவில்லை. நினைக்க நினைக்க அது இன்னும் குழம்பியது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே கணவன் வல்டீரிடம் சொல்லிவிட்டாள்.

வல்டீர் கொத்தனார், அதிகம் பேசாதவர். மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"நீ பந்தப் பாத்தது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ விடு. வேணும்னா அடிச்ச? இல்லல்ல. ஊர் ரெண்டு வாரம் பேசும். அப்புறம் கார்னிவல் திருவிழா வந்துரும்."

"சீக்கிரமே அடிச்சிருந்தேன்னா?"

"அடிச்சிருந்தா அடிச்சிருக்க. இப்ப அந்த விநாடிய எங்க போய்த் தேடுவ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கிளேவ்சா வண்டியில் ஏறிய அன்று காவலரிடம் தான் சொன்னதை ஜுரேமா கணவனிடம்கூடச் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது, விடு என்று அன்றும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். விட முடியவில்லை. அதைப் போல இன்னொன்றையும் சேர்த்துச் சுமக்க நாற்பத்தாறு வயதில் அவளுக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கிளேவ்சா வந்தாள். வேறு இரண்டு பெண்கள் போகும்வரை ஜுரேமா காத்திருந்தாள்.

"கிளேவ்சா, நான் அன்னிக்குக் கடிகாரத்தப் பாக்கல."

கிளேவ்சா குழாயை மூடினாள்.

"உம்மவன் எழும்பினதும் அவனப் பாத்துட்டேன். ஹாரன அடிச்சப்ப நேரம் முடிஞ்சிருந்துதா முடியலையான்னு எனக்கே தெரியல. ஒஸ்மார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன். மொதல்ல உங்கிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

பிறகு ஜுரேமா, தான் சொல்லத் திட்டமிடாத ஒன்றையும் சொன்னாள்.

"அந்த நாளும் அப்படித்தான். போலீஸ்காரன் கேட்டப்போ நானும் ஆடினேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

கிளேவ்சா குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் ஜுரேமா நினைத்தாள்.

"அன்னிக்கு ஆடிட்டு, பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொன்ன," என்றாள் கிளேவ்சா. "இன்னிக்குப் பாத்துட்டேன்னு நீயா வந்து சொல்ற. பரவால்லடி. இருபத்து மூணு வருசத்துல ஏதோ முன்னேறியிருக்க."

ஜுரேமாவுக்கு அழுகை வந்தது. கிளேவ்சா அதைக் கண்டுகொள்ளாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நீயும் வந்திருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். அப்புறம் அந்தப் பத்து மாசம் எனக்கு யாரு கஞ்சி ஊத்தியிருப்பா? தெனமும் வாசல்ல தூக்குச்சட்டிய வச்சுட்டு ஓடிப்போனது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள். பிறகு, "எத்தன மணிக்குப் போற? நானும் வர்றேன். அவனையும் இழுத்துட்டு வர்றேன்," என்றாள்.

மூன்று பேரும் அன்று வேலைக்குப் போகாமல் தபால் அலுவலகத்துக்குப் போனார்கள். ஒஸ்மாரின் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். தன் முறை வந்ததும் ஜுரேமா கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். ஒஸ்மார் கேட்டுவிட்டு, மூடப்பட்டது என்ற பலகையை எடுத்துக் கம்பிக்கு முன்னால் வைத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, விஷயம் சின்னதல்ல என்றார். லேமி அணி புகார் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரமிருந்தது. நேரம் முடியும் முன்பே ஹாரன் அடித்தது உறுதியானால் கோல் செல்லும், கோப்பை திரும்ப வரும், கூடுதல் நேரம் ஆட வேண்டும். ஜுரேமா இனி மேசையில் உட்கார முடியாது.

"அது தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க, தோனா?" என்றார்.

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்."

"அதுக்காகத்தான் சொல்ல வந்தேன்."

ஒஸ்மார் தொலைபேசியை எடுத்தார். ஆட்டத்தைப் படம் பிடித்தவர்கள் நாலு கேமரா வைத்திருந்தார்கள். வீட்டில் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தது பந்தின் பின்னாலேயே ஓடிய கேமராவின் படத்தை. படிக்கட்டின் உச்சியில் ஒரு கேமரா அசையாமல் முழு ஆடுகளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பலகையும் விழுந்திருக்கலாம் என்றார் மறுமுனையில் யாரோ. பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று மணி வரை ஜுரேமா எதுவும் சாப்பிடவில்லை. கிளேவ்சா ஒரு மரவள்ளி பிஸ்கட் பொட்டலத்தை வாங்கி அவள் மடியில் வைத்தாள். அதை அப்படியே வைத்திருந்தாள்.

படம் வெட்டும் அறை குளிர்சாதனத்தில் விறைத்துக் கிடந்தது. ஒரு இளம்பெண் வீடியோ நாடாவை இயந்திரத்தில் செருகி ஓட்டினாள். படம் சின்னதாக இருந்தது. மனிதர்கள் எறும்பு அளவு. ஆனால் மூலையில் கடிகாரப் பலகை முழுசாகத் தெரிந்தது. கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்தபோது மூன்று விநாடி மிச்சம். அவன் எறிந்தபோது இரண்டு. பந்து காற்றில் வரும்போது ஒன்று.

"இனிமே மெதுவா ஓட்டறேன்," என்றாள் அந்தப் பெண்.

பந்து அடில்சனின் நெஞ்சில் பட்டது. பலகையில் இன்னும் ஒன்று. பந்து எழும்பியது. அடில்சன் முழங்காலை மடித்துத் தரையை விட்டுக் கிளம்பினான். ஒன்று பூஜ்யமானது.

அந்தப் பெண் படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

திரையில் அடில்சன் அரை ஆள் உயரத்தில், ஒரு கால் மேலே போய்க்கொண்டிருக்க, அசையாமல் கிடந்தான். பந்து அவன் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. உதையே இன்னும் விழவில்லை.

"ஹாரன் எங்க?" என்று கேட்டார் ஒஸ்மார்.

அவள் மறுபடி ஓட்டினாள். கால் பந்தைத் தொட்டது. பந்து பாதி தூரம் போனது. அப்போதுதான் அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து ஹாரன் இழுத்துக்கொண்டு வந்தது.

ஒஸ்மார் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க முந்தல, தோனா. பிந்திட்டீங்க. கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருந்திருந்தா, இவன் உதைக்கிறதுக்கு முன்னாடியே ஹாரன் அடிச்சிருக்கும். இப்படி ஒரு உதையே நடந்திருக்காது."

ஜுரேமா தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று நாளாக நெஞ்சில் இறுகிக் கிடந்த ஒன்று தோளிலிருந்து கை வழியாக விரல் நுனி வரை தளர்ந்து இறங்கியது. மடியிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அது நொறுங்குகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

அடில்சன் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தான். அந்தப் பெண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"இன்னொரு தரம் போட முடியுமா?"

ஒஸ்மார் நிமிர்ந்தார். இன்னும் என்ன சந்தேகம் என்று கேட்டார்.

"சந்தேகம் எல்லாம் இல்ல," என்றான். காது சிவந்திருந்தது. "நான் எப்படி இருக்கேன்னு நான் பாத்ததே இல்ல."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வேறு கேமராவின் நாடாவை எடுத்துப் போட்டாள். இதில் அவன் பெரிதாகத் தெரிந்தான். நெஞ்சில் வாங்குவதும், கிளம்புவதும், ஒரு கால் மற்றதைக் கத்தரிபோல வெட்டுவதும், முதுகு மணலில் விழுவதும். அவன் மூன்று முறை போடச் சொன்னான். மூன்றாவது தடவை கிளேவ்சா, "போதும்டா, கண்ணு படப் போகுது," என்று அவன் மண்டையில் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அப்படியே அவன் தலையில் வைத்திருந்தாள்.

"அத்தை," என்றான் அவன், ஜுரேமாவைத் திரும்பிப் பார்த்து. "நல்லாத்தான இருந்துச்சு?"

"அதனாலதான்டா நானே திரும்பினேன்," என்றாள் ஜுரேமா.

வெளியே வந்ததும் ஒஸ்மார், அடுத்த போட்டியிலிருந்து மேசையில் இரண்டு பேர் என்றார். ஒருவர் கடிகாரத்துக்கு, ஒருவர் ஹாரனுக்கு. கண்ணைத் திருப்புகிற ஆளுக்கு எந்த வேலை என்று யோசித்துச் சொல்கிறேன் என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்ல முயன்றார், வரவில்லை. தபால் அலுவலகத்தில் தன் வரிசை இன்னும் நிற்கும் என்று நினைவுக்கு வர, வேகமாக நடந்தார்.

மற்ற மூவரும் தெரு முனைக் கடையில் பொரித்த பலகாரமும் கரும்புச்சாறும் சாப்பிட்டார்கள். ஜுரேமா நாலு சாப்பிட்டாள். அடில்சன் கடைக்காரனிடம், தெரியாத மனிதனிடம், தன் உதையைக் கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். அது கோலா என்று கடைக்காரன் கேட்டான். இல்லை, நேரம் முடிந்துவிட்டது என்றான் அடில்சன், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

குன்றுக்குச் செய்தியைக் கொண்டுபோகும் வேலையைக் கிளேவ்சா எடுத்துக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரனிடம் என்ன சொல்ல வேண்டும், டொமினோ கிழவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்தில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கிழவருக்கான வாக்கியத்தை இரண்டு தரம் மாற்றினாள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கத் திரும்பியபோது ஜுரேமா அவள் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இறங்க வேண்டிய இடம் வந்தது. அடில்சன் எழுந்தான். கிளேவ்சா அவனை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். பேருந்து கடைசி நிறுத்தம் வரை போனது, ஓட்டுநர் காபி குடித்துவிட்டு வந்தார், வண்டியைத் திருப்பினார். ஜன்னல் வழியாகக் கடல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. ஜுரேமா தூங்கிக்கொண்டே வந்தாள்.